குப்பைமேனிச் சாரத்துக்கு 14 மி.மீ. வளையம் வந்திருக்கிறது, மருந்து என்று எழுதலாமா?

ஜூன் 3, மாலை (கேள்வி)

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். குப்பைமேனி இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாரம் எடுத்தேன். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா பிளேட்டில், கிருமி வளராத தெளிந்த வளையம் 14 மி.மீ. வந்தது. ஈ. கோலை பிளேட்டில் ஒன்றும் வரவில்லை. ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் 82 சதவீதம். "குப்பைமேனி சிறந்த ஆன்டிஆக்சிடன்ட், ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகப் பயன்படும்" என்று முடிவுரை எழுதிவிட்டேன். வைவாவில் இதை ஏற்றுக்கொள்வார்களா? ஆய்வகத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

கிருமி வளர்க்கும் அகார்க் கூழில் வெட்டிய குழியில் எவ்வளவு ஊற்றினீர்கள், என்ன செறிவில், குழியின் விட்டம் என்ன? இந்த மூன்றும் தெரியாமல் 14-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. 82 சதவீதமும் அப்படித்தான். எந்தச் செறிவில் 82?

ஜூன் 4

தம்பி பதில் போட்டிருக்கிறார். மி.லி.க்கு 100 மி.கி., குழிக்கு 50 மைக்ரோலிட்டர், குழி 8 மி.மீ. டி.பி.பி.எச். 500 மைக்ரோகிராமில்.

சரி, கணக்குப் போடுவோம். குழிக்குள் போன சாரம் 5 மி.கி. பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்த வட்டு, தரக்கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் ஏ.டி.சி.சி. 25923 ஸ்டேஃபிலோகாக்கஸ் மீது 22 முதல் 30 மி.மீ. வரை வளையம் போட வேண்டும். உங்கள் 14-இல் குழியே 8 மி.மீ. மீதி 6, அதாவது பக்கத்துக்கு 3 மி.மீ. தெளிந்திருக்கிறது. ஆயிரம் மடங்கு அதிகமாக வைத்து 3 மி.மீ. "மாற்று" என்ற சொல்லை இந்த எண் தாங்காது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு அநியாயம். சிப்ரோஃப்ளாக்சசின் சுத்தமான ஒரே பொருள். இலைச் சாரத்தில் குளோரோஃபில், சர்க்கரை, மெழுகு, டானின், ஃபிளேவனாய்டு என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் கிடக்கின்றன. வேலை செய்யும் பொருள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் அவமானமே இல்லை. ஆனால் அதைப் பிரித்து எடுத்துக் காட்டும்வரை "இருக்கலாம்" என்றுதான் எழுத முடியும்.

இன்னொன்று. வளையம் என்பது கொல்லும் திறனை மட்டும் அளப்பதில்லை. அந்தப் பொருள் அகாரில் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறது என்பதையும் சேர்த்து அளக்கிறது. பெரிய டானின் மூலக்கூறுகளும் எண்ணெய்ப் பசை உள்ளவையும் நீர் நிறைந்த அகாரில் நகரவே சிரமப்படும். நல்ல பொருளாக இருந்தும் சின்ன வளையம் தரலாம். அதனால் துளசிக்கு 12, குப்பைமேனிக்கு 14, ஆகவே குப்பைமேனி மேல் என்று பட்டியல் போடுவதில் பொருள் இல்லை. இந்தப் பட்டியலை எத்தனையோ ஆய்வேடுகளில் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் வெயிலில் அலைந்து செடி பறித்து, ராத்திரி பகலாகச் செய்த வேலை இப்படி ஒரு வெறும் அட்டவணையில் முடிவதைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது.

செய்ய வேண்டியது எம்.ஐ.சி. 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குறைந்த செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்று பாருங்கள். 2005-இல் ரியோஸ், ரெசியோ என்ற இரு ஸ்பானிய ஆய்வாளர்கள் எழுதிய அளவுகோலை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். மி.லி.க்கு 1 மி.கி.க்கு மேல் தேவைப்படும் சாரத்தைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது; 100 மைக்ரோகிராமும் அதற்குக் கீழும் இருந்தால் அது கவனிக்க வேண்டிய சாரம். ஈ. கோலை 25922-க்கு சிப்ரோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி. 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம். தூரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் 5

"லேபில் கிருமி செத்தால் உடம்பிலும் சாகாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எம்.ஐ.சி. மி.லி.க்கு 5 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆளுக்கு ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அத்தனை ரத்தத்திலும் அந்தச் செறிவு வர 25 கிராம் சாரம் வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாரமாகக் கிடைக்கிறது என்றால் கால் கிலோ உலர்ந்த இலை. பச்சை இலையாக ஒரு கிலோவுக்கு மேல். அதுவும் குடலில் ஒரு துளி வீணாகாமல், கல்லீரல் எதையும் மாற்றாமல், அப்படியே ரத்தத்தில் சேர வேண்டும். நடக்காது.

ஜூன் 5, இரவு

காலையில் எழுதியது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துக்குப் பொருந்தும். சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்தபோது வேறு ஒரு பக்கமும் தோன்றியது.

எங்கள் அம்மா குப்பைமேனியைக் குடிக்கக் கொடுத்ததே இல்லை. இலையோடு கொஞ்சம் உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்து, சொறி சிரங்குக்கு மேலே பூசிக் குளிப்பாட்டுவார். தோலின் மேல் பூசும்போது செறிவுக் கணக்கே வேறு. அரைத்த விழுதில் மி.லி.க்குப் பல மி.கி. சாதாரணமாக இருக்கும், ரத்தம் முழுக்க அதைக் கொண்டுபோக வேண்டியதில்லை. தோல் புண்ணில் முதலில் குடியேறும் கிருமிகளில் ஸ்டேஃபிலோகாக்கஸும் ஒன்று. உங்கள் பிளேட்டில் அது மட்டும்தானே அடங்கியது? ஆக, அந்தப் பிளேட் சாப்பிடும் மருந்தைவிடப் பூசும் மருந்துக்கு நெருக்கமான சோதனை. வாய் கொப்பளிப்பதற்கும் வேப்பங்குச்சிக்கும் இதே நியாயம் உண்டு. உங்கள் கலந்துரையாடல் அத்தியாயத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். படிப்பவருக்குப் பயன்படும்.

ஈ. கோலை மீது ஒன்றும் வராததும் ஒரு முடிவுதான், மறைக்க வேண்டாம். ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. தாவரப் பொருள்கள் பலவும் அங்கேயே தடுக்கப்படுகின்றன. உள்ளே நுழைந்தவற்றையும் செல்லின் பம்புகள் திருப்பி வெளியே தள்ளிவிடும்.

ஜூன் 7

டி.பி.பி.எச். பற்றி. இது ஊதா நிறக் கரைசல், 517 நானோமீட்டரில் அளக்கிறோம். எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்கக்கூடிய எது கலந்தாலும் மஞ்சளாகிவிடும். 1958-இலிருந்து இருக்கும் முறை. மலிவு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். பிரபலமானதற்கு அதுவே காரணம். நம் உடம்பில் டி.பி.பி.எச். என்று ஒன்று கிடையாது.

500 மைக்ரோகிராமில் 82 சதவீதம் என்பது பெரிய செய்தி இல்லை. பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போது நான் மாவிலை, கொய்யா இலை, கடையில் வாங்கிய டீத்தூள் மூன்றையும் வைப்பேன். மூன்றுமே ஊதாவை அழித்துவிடும். டீத்தூள் முதலிடத்துக்கு வந்து எல்லோரையும் திகைக்க வைக்கும். நீங்களும் ஒரு டீத்தூள் சாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி நிறத்தை அழிக்க எவ்வளவு தேவை என்ற ஐசி 50 மதிப்பை வைட்டமின் சி-க்கும் சேர்த்துப் போடுங்கள். பச்சைச் சாரத்துக்கு டி.பி.பி.எச். இல்லாத வெற்றுக் கலவை ஒன்றும் கட்டாயம் வேண்டும், சாரத்தின் சொந்த நிறத்தைக் கழிக்க.

ஃபோலின் கரைசலில் "மொத்த ஃபீனால்" அளந்திருந்தால் அதிலும் கவனம். வைட்டமின் சி-யும் சில சர்க்கரைகளும்கூட அதை நீலமாக்கும். இரண்டு சோதனையும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்ந்து எழுதுவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே குணத்தைத்தான் அளக்கின்றன, ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஜூன் 8

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்குவது வீணா? என் கணவர் சிகரெட்டை விட மறுக்கிறார், அதற்காவது கொடுக்கலாமா?"

அம்மா, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்காதீர்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது, 1994-இல் வெளியானது. அதே நோக்கத்தோடு அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கேயும் புற்றுநோய் கூடியதால். நல்லது செய்யும் என்று உறுதியாக நம்பித் தொடங்கிய சோதனைகள் இவை. காய்கறி, கீரை, பழம் என்று சாப்பாட்டில் வருவதற்கு இந்தப் பயம் வேண்டாம். சிகரெட்டுக்கு மாத்திரையில் பரிகாரம் இல்லை, அவரிடம் மறுபடி பேசுங்கள்.

அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2012-இல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பது காரணம். நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் மட்டுமே லிட்டருக்கு 200 முதல் 400 மைக்ரோமோல் வரை இருக்கிறது, அதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான். சாப்பிடும் பாலிஃபீனால்கள் பெரும்பாலும் 1 மைக்ரோமோலைத் தாண்டுவதே அரிது. அவை நன்மை செய்தால் வேறு வழியில்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 8, பின்னிரவு

பீட்டா கரோட்டின் பற்றி எழுதியதும் குப்பைமேனி பற்றியே ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்த இழையிலேயே முக்கியமான குறிப்பு இது என்று நினைக்கிறேன்.

ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறப்பவர்கள் உண்டு, ஆண்களிடம் கூடுதல். அவர்களுடைய சிவப்பணு ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தாங்காது, உடைந்துவிடும். குப்பைமேனி சேர்த்துக் காய்ச்சிய மூலிகைச் சாற்றைக் குடித்த இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தச் சிவப்பணு சட்டென்று உடைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996-இல் பதிவு செய்திருக்கிறார்கள். டி.பி.பி.எச். குழாயில் 82 சதவீதம் ஆன்டிஆக்சிடன்ட்டாக நிற்கும் அதே செடிதான். குழாயில் எதிர்த்தது, அவர்கள் ரத்தத்தில் தாக்கியது. இந்தச் செடியில் அகாலிஃபின் என்ற சயனைடு விடும் சேர்மமும் இருக்கிறது.

"இயற்கை, பக்கவிளைவு இல்லாதது" என்று ஆய்வேட்டில் எங்காவது எழுதியிருந்தால் இந்தக் காரணத்துக்காக எடுங்கள். வீட்டில் குழந்தைகளுக்குக் குப்பைமேனிச் சாறு குடிக்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். குடித்த பிறகு சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன குடித்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஜூன் 9

கொஞ்சம் இளைப்பாறலாம். பூனை வளர்க்கும் ஒருவர், "எங்கள் வீட்டுப் பூனை இந்தச் செடியின் வேரைப் பிடுங்கி வைத்தால் புரண்டு புரண்டு விளையாடுகிறது, அதற்கும் மருந்தா" என்று கேட்டிருக்கிறார். பூனைகளுக்கு இந்த வேரின் மேல் அப்படி ஒரு மயக்கம். பூனைவணங்கி என்று செடிக்கே பெயர் வைத்துவிட்டார்கள். வேரை உலர்த்துபவர்கள் மாடிக் கதவைச் சாத்தி வைக்கவும்.

ஜூன் 11

சித்த மருத்துவத்தில் பழக்கமுள்ள ஒரு பெரியவர் கோபமாக எழுதியிருக்கிறார். எந்தச் சித்தர் மெத்தனாலில் ஊறவைக்கச் சொன்னார் என்று கேட்கிறார். ஐயா கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. நிலவேம்புக் குடிநீர் என்றால் ஒன்பது சரக்கைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வற்றவைப்பது. மெத்தனால் எடுக்கும் பொருள்கள் வேறு, கொதிநீர் எடுப்பவை வேறு. "பாரம்பரியப் பயன்பாடு அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று மெத்தனால் சாரத்தை வைத்து எழுதுவது சரியில்லை. மக்கள் செய்கிற மாதிரியே செய்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஆனால் ஐயா, காய்ச்சுவது எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது. சீனாவில் து யூயூ என்ற ஆய்வாளர் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது சிங்ஹாவோ செடியின் சாரம் ஒரு முறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைநூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடு கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஈதருக்கு மாறினார். 1971-இல் பலன் கிடைத்தது. ஆர்ட்டிமிசினின் அப்படி வந்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. பழைய நூலை மரியாதையோடு, வரிக்கு வரி செய்முறையாகப் படித்ததால் கிடைத்த வெற்றி அது. நம் ஓலைச்சுவடிகளையும் அப்படிப் படிக்கும் பிள்ளைகள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

பூண்டும் இப்படித்தான். அல்லிசின் பூண்டுப் பல்லுக்குள் தயாராக இல்லை. நசுக்கும்போது என்சைம் வேலை செய்து உண்டாக்குகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் என்சைம் முதலில் செத்துவிடும். நசுக்கிக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்த சாரமும் முழுசாக வேகவைத்த சாரமும் வேறு வேறு சரக்கு.

ஜூன் 11, தொடர்ச்சி

அதே பெரியவர், "ஒவ்வொன்றாகப் பிரித்தால் மருந்து செத்துப்போகும், கூட்டாகத்தான் வேலை செய்யும்" என்கிறார். இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்தான். ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் அதை நார்-ஏ என்ற பம்பால் வெளியே தள்ளிவிடும். பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் வகைச் செடிகளிலேயே மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற இன்னொரு பொருள் கிடைத்தது. தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்லாது. பம்பை அடைக்கிறது, பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையை முடிக்கிறது. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். "கொல்லவில்லை" என்று ஒரு பொருளைக் குப்பையில் போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

ஆனால் கூட்டு என்று சொன்னால் போதாது. இன்னொரு பொருளைச் சேர்த்ததும் எம்.ஐ.சி. எவ்வளவு இறங்கியது என்று எண்ணாகக் காட்ட வேண்டும். அவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஜூன் 14

எந்தச் செடி என்று உறுதி செய்தீர்களா? குப்பைமேனியில் குழப்பம் குறைவு. கீழாநெல்லியில் நிறைய. தென்னிந்தியக் கடைச் சரக்கை ஆராய்ந்தபோது அந்த ஒரே பெயரில் பல ஃபில்லாந்தஸ் இனங்கள் கலந்து வந்தன. பூவோடு காயோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையில் இருக்கும் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்திலோ பெயர் சரிபார்த்து எண் வாங்கி ஆய்வேட்டில் போடுங்கள். எந்த ஊர், எந்த மாதம், சாலையோரமா வயலா என்பதும் வேண்டும்.

ஜூன் 17

தம்பி எம்.ஐ.சி. தொடங்கிவிட்டார். "சாரம் பச்சையாக இருப்பதால் கலங்கல் தெரியவில்லை, கிருமி உயிரோடிருந்தால் நீலத்திலிருந்து ரோஸாகும் ரெசாசூரின் சாயம் போட்டேன். நீலமாக நிற்க வேண்டிய அதிகச் செறிவுக் குழிகளே ரோஸ் நிறமாகிவிட்டன. தலைகீழாக இருக்கிறது" என்கிறார். கவலைப்பட வேண்டாம். இங்கேதான் உங்களுடைய இரண்டு சோதனைகளும் மோதுகின்றன. ரெசாசூரினை ரோஸாக்குவது உயிருள்ள பாக்டீரியா மட்டும் இல்லை, உங்கள் ஆன்டிஆக்சிடன்ட்டும் செய்யும். பாக்டீரியா போடாமல், சாரமும் ஊடகமும் மட்டும் வைத்து ஒரு வரிசை போடுங்கள். அதுவும் ரோஸானால் அந்த நிறத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புது அகாரில் வைத்து, மறுநாள் எது வளர்கிறது என்று பாருங்கள். செல் உயிரோடிருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்.டி.டி. சோதனை செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சாரத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவத்தின் கடைசிச் செறிவு 1 அல்லது 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். அது மட்டும் போட்ட குழி ஒன்று வேண்டும். அமிலத்தன்மையும் பாருங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை, புளி மூன்றும் பிரமாதமான வளையம் தரும், நடுநிலையாக்கினால் பெரும்பகுதி காணாமல் போகும். இதை நானே பலமுறை பிள்ளைகளோடு செய்து பார்த்திருக்கிறேன்.

ஜூன் 18

இன்னும் ஒரு கட்டுப்பாடு, பலர் செய்வதில்லை. பாலிஃபீனால்களைச் சத்து ஊடகத்தில் கரைத்து வைத்தால் அவையே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். டீயில் உள்ள கேட்டசின்களை வைத்து 2000-இல் ஹாலிவெல் குழுவினர் செல் ஊடகங்களில் இதைக் காட்டினார்கள். அப்படியானால் கிருமியைக் கொன்றது இலையா, குழிக்குள் உண்டான பெராக்சைடா? கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு வரிசையில் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்சைமைச் சேர்ப்பது, இன்னொன்றில் கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸ். கேட்டலேஸ் போட்டதும் தடை காணாமல் போனால் கொன்றது பெராக்சைடு.

ஜூன் 24

தம்பியின் முடிவு வந்துவிட்டது. ரெசாசூரின் வரிசை பாக்டீரியா இல்லாமலே ரோஸானது, ஆகவே அதைத் தள்ளிவிட்டுத் துளி வைத்துப் பார்த்திருக்கிறார். ஸ்டேஃபிலோகாக்கஸ் மீது எம்.ஐ.சி. 2.5 மி.கி. கேட்டலேஸ் சேர்த்ததும் 5 மி.கி.யாக ஏறியது, செயலிழந்த கேட்டலேஸில் மாற்றமில்லை. வருத்தமாக எழுதியிருக்கிறார், "பலவீனமான முடிவு" என்று.

இரட்டிப்பு நீர்த்தலில் ஒரு படி வித்தியாசம் முறையின் பிழைக்குள்ளேயே வரும், ஆகவே பெராக்சைடு காரணம் என்று இப்போதே எழுத வேண்டாம். ஒரே சாரத்தை மூன்று குழியில் ஊற்றுவதை மூன்று சோதனையாகக் கணக்கிடாமல், தனித்தனியாகப் பறித்த இலைகளில் புதிதாகச் சாரம் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறினால் அது கண்டுபிடிப்பு.

முடிவுரைக்கு இப்படி எழுதலாம்: "குப்பைமேனி இலையின் மெத்தனால் சாரம் ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ச்சியை மி.லி.க்கு 2.5 மி.கி. செறிவில் தடுத்தது, ஈ. கோலையைச் சோதித்த செறிவில் தடுக்கவில்லை. இந்தச் செறிவு உட்கொள்ளும் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. மேற்பூச்சுப் பயன்பாட்டை நீர் விழுதோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு இச்செடியை உட்கொள்வதால் ஆபத்து பதிவாகியுள்ளது." வைவாவில் யார் கேட்டாலும் இதில் ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் பிளேட்டோ பதிவோ இருக்கிறது. எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்த பகுதிக்கும் ஒரு எம்.ஐ.சி. போட நேரம் இருக்கிறதா என்று கைடிடம் கேளுங்கள். அங்கே எண் இறங்கினால் இங்கே வந்து எழுதுங்கள்.